பிரஷர் வாஷர் ஹோஸ்: கசிவு, கொப்புளம், வெடிப்பு – அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

வாளையாறிலிருந்து வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வரை தமிழ்நாடு–கேரள எல்லைச் சாலைகளின் ஓரத்தில் வாட்டர் சர்வீஸ் கொட்டகைகளுக்குக் குறைவில்லை. எம்-சாண்ட் டிப்பர், தென்னை நார் லாரி, சித்தூர் வட்டத்துக் கரிசல் மண் அப்பிய டிராக்டர் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கின்றன. மாட்டுத் தொழுவத்திலும் கோழிப் பண்ணையிலும்கூட இப்போது தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் வந்துவிட்டது. மோட்டார் பழுதானால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். ஹோஸ் பழுதானால் மட்டும் கையில் கிடைத்ததை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு வேலையைத் தொடர்கிறோம். இந்த வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மோட்டாரும் பம்பும் ஓரமாக நின்று ஓடுகின்றன. ஹோஸ்தான் வேலை செய்கிறவரின் கையிலும் காலடியிலும் நாள் முழுக்கக் கிடக்கிறது. அது வெடித்தால் அடி படுவது அவருக்குத்தான்.

நல்ல வேளையாக, ஹோஸ் எச்சரிக்காமல் வெடிப்பது அரிது. பல நாள் முன்பே வெளியில் ஏதாவது ஓர் அடையாளம் தெரிந்துவிடும். கீழே அந்த அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஹோஸில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

தொடுவதற்கு முன்

எந்தப் பழுதாக இருந்தாலும் முதல் வேலை அழுத்தத்தை இறக்குவது. மோட்டாரை நிறுத்துங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீர் வரும் குழாயை மூடுங்கள். பிறகு கன்னை, அதாவது ஹோஸின் முனையில் கையில் பிடிக்கும் துப்பாக்கியை, தரையை நோக்கிப் பிடித்து, தண்ணீர் முழுக்க நிற்கும் வரை விசையை அழுத்துங்கள். ஹோஸ் கையில் தொய்ந்து வளைந்தால்தான் அழுத்தம் இறங்கியது என்று பொருள். மோட்டாரை நிறுத்தியதும் அழுத்தமும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். பம்பில் உள்ள வால்வும் கன்னும் மூடியிருந்தால் இடையில் அடைபட்ட தண்ணீர் அதே அழுத்தத்தில் நிற்கும். வெயிலில் கிடந்தால் அந்தத் தண்ணீர் சூடாகி விரிந்து அழுத்தம் இன்னும் ஏறும். பெல்ட் போட்ட பழைய பம்ப் என்றால் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வையும் திறந்துவிடுங்கள்.

அழுத்தத்தில் இருக்கும் ஹோஸைக் கையால் தடவிக் கசிவைத் தேடக் கூடாது. ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து பாயும் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். அதற்கு 7 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவு அழுத்தமே போதும் என்பது பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்லப்படும் கணக்கு. வீட்டில் கார் கழுவும் சிறிய இயந்திரமே 100 பார் தருகிறது. சாதாரணக் கையுறை இதைத் தடுக்காது, துணியைச் சுற்றிப் பிடித்தாலும் தடுக்காது. காயம் வெளியே ஒரு புள்ளியாகத்தான் தெரியும். முதலில் வலியும் பெரிதாக இருக்காது. ஆனால் சேறும் சாணமும் கலந்த தண்ணீர் கிருமியை விரலின் ஆழத்துக்குக் கொண்டுபோயிருக்கும். அப்படி யாருக்காவது நேர்ந்தால் மஞ்சளை அப்பிக்கொண்டு வேலைக்குத் திரும்ப வேண்டாம். அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு உடனே போய், அதிக அழுத்தத் தண்ணீர் சதைக்குள் பாய்ந்துவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். சின்னக் குத்துக் காயம் என்று மட்டும் சொன்னால் மேலே மருந்து போட்டு அனுப்பிவிடக்கூடும்.

இயந்திரம் ஓடும்போதுதான் கசிவு தெரியும் என்றால், ஒரு நீளமான அட்டையை ஹோஸை ஒட்டி நகர்த்திக்கொண்டே போங்கள். தண்ணீர் பாயும் இடத்தில் அட்டை நனையும் அல்லது கிழியும். அட்டை முகத்துக்கும் ஹோஸுக்கும் நடுவில் இருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஹோஸ் எது, உங்கள் அழுத்தம் எவ்வளவு

இந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் இரண்டு விதமான இயந்திரங்கள் ஓடுகின்றன. ஒன்று, மோட்டாருடன் பெல்ட் போட்ட பழைய பிஸ்டன் பம்ப்; அதன் அழுத்தம் பெரும்பாலும் 20 முதல் 40 கிலோ வரை. மற்றொன்று, மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்த புதிய பிரஷர் வாஷர். அது 100 முதல் 200 பார் வரை போகும். ஒரு பார் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, அல்லது 14.5 பி.எஸ்.ஐ. என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தென்னந்தோப்பில் மருந்து அடிக்கும் பம்பின் மஞ்சள் ஹோஸ் முதல் வகைக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதையே புதிய இயந்திரத்தில் மாட்டுவது ஆபத்து. விலை குறைவு, எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக இப்படி மாட்டிய ஹோஸ்களை நான் பல இடங்களில் கழற்ற வைத்திருக்கிறேன்.

ஹோஸின் மேல் ஒரு வரி அச்சிட்டிருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் படிக்கலாம். அதில் 1எஸ்என் என்று இருந்தால் உள்ளே ஒரு கம்பிப் பின்னல். 2எஸ்என் என்றால் இரண்டு. ஈஎன் 853 என்ற ஐரோப்பியத் தர விதிப்படி, 3/8 அங்குல ஹோஸுக்கு, அதாவது மூன்று நூல் ஹோஸுக்கு, 1எஸ்என் வகையில் வேலை அழுத்தம் 180 பார், 2எஸ்என் வகையில் 330 பார். வெடிக்கும் அழுத்தம் இதைப் போல் 4 மடங்கு. கடைக்காரர்கள் சிலர் இந்த 4 மடங்கு எண்ணைச் சொல்லித்தான் விற்பார்கள். 'வேலை அழுத்தம் எவ்வளவு அண்ணா?' என்று கேளுங்கள். பாலக்காட்டுக் கடை என்றால் சேட்டாவிடம் 'வர்க்கிங் பிரஷர்' என்று கேட்டால் புரியும். அந்த எண் உங்கள் இயந்திரத்தின் உச்ச அழுத்தத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். எழுத்து எதுவுமே இல்லாத ஹோஸை அதிக அழுத்த வேலைக்கு வாங்காதீர்கள்.

வீட்டு இயந்திரங்களோடு வரும் மெல்லிய ஹோஸில் கம்பிக்குப் பதிலாக நூல் பின்னல் இருக்கும். அது பழுதானால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை, மாற்றுவதுதான் வழி. கீழே நான் சொல்லும் வெட்டிப் பொருத்தும் வேலை கம்பிப் பின்னல் ஹோஸுக்கு மட்டுமே.

அறிகுறி: இணைப்பில் தண்ணீர் சொட்டுகிறது அல்லது பீய்ச்சுகிறது

இது அடிக்கடி வருவது. செலவும் மிகக் குறைவு. ஹோஸைக் குறை சொல்வதற்கு முன், கசிவு எங்கே என்று கூர்ந்து பாருங்கள். நட்டுக்கும் பம்புக்கும் இடையில் கசிந்தால் குற்றம் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில். உலோக உறைக்கும் ரப்பருக்கும் இடையில் கசிந்தால் அது வேறு பழுது, அடுத்த பகுதியைப் பாருங்கள்.

நட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு மூக்கு தெரியும். அதன் மேல் கறுப்பு வளையம் உட்கார்ந்திருக்கும். வளையத்தை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி மீண்டால் நல்லது. ஒரு பக்கம் தட்டையாகியிருந்தாலோ, நகம் பட்ட இடம் வெடித்தாலோ, ஓரம் நறுக்கிவிட்டது போல் இருந்தாலோ மாற்றிவிடுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுக்காதீர்கள்; மூக்கின் பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது வளையமும் கசியும். மரக் குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ போதும். பழைய வளையத்தைக் கடைக்குக் கொண்டுபோய் அதே உள் விட்டமும் அதே தடிமனும் உள்ளதை வாங்குங்கள். பள்ளத்தில் இருக்கும் மணலைத் துணியால் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தொட்டுப் போடுங்கள். வண்டிக்குப் போடும் கிரீஸ் சில வகை ரப்பரை உப்ப வைத்துவிடும்.

ஓ-ரிங் புதிது, ஆனாலும் கசிகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது அளவை. எம்22 என்று சொல்லும் 22 மி.மீ. மரை இணைப்பில் இரண்டு வகை உண்டு. வெளி மரை இரண்டிலும் ஒன்றே. உள்ளே இருக்கும் மூக்கு ஒன்றில் 14 மி.மீ., இன்னொன்றில் 15 மி.மீ. மரை பொருந்துவதால் இரண்டும் சரியாகப் பூட்டிக்கொண்டது போல் தெரியும். 15 மி.மீ. துளைக்குள் 14 மி.மீ. மூக்கு போனால் வளையம் சுவரைத் தொடாது, அழுத்தம் ஏறியதும் நாலா பக்கமும் பீய்ச்சும். 15 மி.மீ. மூக்கைச் சிறிய துளைக்குள் வலிந்து முடுக்கினால் வளையம் நறுங்கிவிடும். ஹோஸை ஒரு கடையிலும் கன்னை வேறு கடையிலும் வாங்கியவர்களிடம் இந்தக் கோளாறை நிறையப் பார்க்கிறேன். வெர்னியர் வைத்து அளந்தால் ஒரு நிமிட வேலை. அளவு மாறியிருந்தால் இடையில் போடும் அடாப்டர் கிடைக்கும்.

இதற்கு டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்கள் அதிகம். எம்22 இணைப்பில் தண்ணீரைத் தடுப்பது ஓ-ரிங்தான். மரைக்கு அந்த வேலை இல்லை. டேப் சுற்றினால் நட்டு முழுக்க உட்காராமல் நின்று, வளையம் இன்னும் சீக்கிரம் கெடும். பிய்ந்த டேப் துண்டு ஓடிப்போய், தண்ணீர் பீய்ச்சும் சிறு துளை உள்ள நாசிலை அடைக்கும். ஸ்பானர் போட்டு முறுக்குவதும் வேண்டாம். கையால் இறுக்கினாலே நிற்க வேண்டிய இணைப்பு இது.

அறிகுறி: உலோக உறைக்கும் ரப்பருக்கும் இடையில் ஈரம்

ஹோஸின் முனையைக் கவ்விப் பிடித்திருக்கும் உலோக உறையைக் கடைகளில் ஃபெரூல் என்பார்கள். அதற்கும் ரப்பருக்கும் நடுவில் தண்ணீர் கோர்த்து நின்றால் பிடி தளர்கிறது என்று அர்த்தம். இதில் ஓட்டிப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிடி முழுவதும் விட்டுப்போனால் உறையை விட்டு நழுவிய ஹோஸ் சாட்டையாக வீசும். இதுவரை அது யாரையும் அடிக்கவில்லை என்றால், அது அந்தக் கொட்டகையின் அதிர்ஷ்டம்.

மேலே கிளிப் போட்டு இறுக்குவதோ, ஃபெரூலைச் சுத்தியலால் தட்டுவதோ பலன் தராது. முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனையை மாட்டி, ஃபெரூலை இயந்திரத்தில் நசுக்கி இறுக்கும் கிரிம்பிங் செய்ய வேண்டும். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

அறிகுறி: ஹோஸின் மேல் கொப்புளம்

மற்ற எல்லா அறிகுறிகளையும்விட இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் இதுதான் ஏமாற்றும். தண்ணீர் ஒரு சொட்டும் கசியாது. வேலை நடக்கும். ஹோஸில் மட்டும் நெல்லிக்காய் அளவுக்கு ஓரிடம் உப்பி நிற்கும். இயந்திரத்தை நிறுத்தினால் மெல்ல வற்றும்.

உள்ளே நடப்பது இது. தண்ணீரைத் தாங்குவது உள்குழாய். அதைச் சுற்றி கம்பிப் பின்னல். அதற்கு மேல் ரப்பர் உறை. அழுத்தத்தைத் தாங்குவது கம்பி. மேலுறைக்கு அந்தச் சக்தி கிடையாது, கம்பியை வெயில், ஈரம், உரசலிலிருந்து காப்பது மட்டுமே அதன் பொறுப்பு. உள்குழாயில் சிறு துளை விழுந்தால் தண்ணீர் கம்பிகளின் இடுக்கு வழியே வெளியே வந்து மேலுறைக்கு அடியில் தேங்குகிறது. அதுதான் கொப்புளம். இன்னொரு விஷயம்: துளை கொப்புளத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தண்ணீர் கம்பியை ஒட்டியே நீளவாக்கில் ஊர்ந்துபோய், மேலுறை எங்கே பலவீனமோ அங்கே உப்பும். ஃபெரூலுக்குப் பக்கத்தில் கொப்புளம் தெரிந்தால் துளை பெரும்பாலும் ஃபெரூலின் வாயிலேயே இருக்கும்.

கொப்புளத்தை ஊசியால் குத்தித் தண்ணீரை வடித்துவிட்டு வேலையைத் தொடர்வதைக் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்தால், இதுவரை மேலுறைக்குள் அடங்கியிருந்த தண்ணீருக்கு நாமே வெளியே ஒரு வாசல் வைத்துக் கொடுக்கிறோம். அன்றிலிருந்து அது ஊசியாகப் பாயும். தேங்கிய தண்ணீரில் கம்பியும் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

கொப்புளத்தைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு ஹோஸை நேராகப் போட்டு, உலர்ந்த கையால் மெல்ல அழுத்தியபடி இரு பக்கமும் நகருங்கள். மேலுறை உள்ளே ஒட்டாமல் வழுக்குவது போல் தோன்றும் இடம் வரை கம்பி நனைந்திருக்கிறது. அந்த நீளம் முழுவதையும் வெட்ட வேண்டும். நடு ஹோஸில் ஒரு முழத்துக்கு மேல் இப்படி இருந்தாலோ, இரண்டாவது கொப்புளம் வேறிடத்தில் தெரிந்தாலோ அந்த ஹோஸுக்குப் பணம் போடாதீர்கள். புதிதாக வாங்குங்கள்.

அறிகுறி: நடு ஹோஸில் மெல்லிய கம்பி போலத் தண்ணீர் பாய்கிறது

ஊசித் துளை. கன்னை விடாமல் பிடித்துக்கொண்டு, உடனிருப்பவரைக் கூப்பிட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். துளையை நோக்கி யாரும் குனியக் கூடாது.

சைக்கிள் டியூப்பில் பஞ்சர் ஒட்டுவது போல் இதை ஒட்டிவிடலாம் என்று நினைப்பதால்தான் இத்தனை தொல்லை. டியூப்பின் உள்ளே இருக்கும் காற்று சில கிலோ அழுத்தம். அதையும் வெளியிலிருந்து டயர் தாங்குகிறது. இங்கே 150 கிலோவைத் தாங்க வெளியில் எதுவுமே இல்லை. டியூப் ரப்பர், எம்-சீல், கட்டுக் கம்பி, காயலான் கடைக் கிளிப் எதுவும் இந்த அழுத்தத்தில் நிற்காது. சில நிமிடம் நின்றால் அது இன்னும் மோசம். நம்பிக் கையை வைப்போம்.

வெட்டிப் பொருத்துவது அல்லது மாற்றுவது, இரண்டே வழி.

அறிகுறி: மேலுறை வெடித்திருக்கிறது, கம்பி தெரிகிறது

பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆனி, ஆடிக் காற்று வந்தால் ஈரமும் தூசியும் சேர்ந்து வீசும். இரண்டும் ரப்பருக்கு ஆகாது. ஹோஸை உள்ளங்கை அகலத்துக்கு வளைத்து, வளைவின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். மயிரிழை போல் மெல்லிய வெடிப்புகள் மட்டும் இருந்து கறுப்பு ரப்பரே தெரிந்தால் ஹோஸுக்கு வயதாகிறது. நிழலுக்கு மாற்றி, வாரம் ஒருமுறை பார்த்துவாருங்கள். வெடிப்பின் அடியில் பளபளப்பான கம்பி தெரிந்தால் அந்த இடத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. செம்மண் நிறத்தில் கறை தெரிந்தால் கம்பி துருப்பிடித்துவிட்டது, இனி அதில் ஓட்டக் கூடாது. வெடிப்பு இல்லாமலே ஹோஸின் மேல் துருக் கறை தெரிந்தாலும் அதே முடிவுதான்.

ஓரிடத்தில் மட்டும் உறை தேய்ந்திருந்தால் காரணம் தரையில் இருக்கிறது. வண்டி ஏறும் சிமெண்ட் மேடையின் விளிம்பைப் பாருங்கள். ஹோஸ் ஒவ்வொரு முறையும் உரசும் இடத்தில் கறுப்புத் தடம் விழுந்திருக்கும். விளிம்பின் மேல் நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயைப் பொருத்திவிட்டால் அந்தத் தேய்மானம் நிற்கும். புது ஹோஸ் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

வண்டியின் அடிப்பாகத்துக்கு டீசல் அடிக்கும் இடங்களில் தரையில் டீசல் தேங்கும். அதில் ஹோஸ் ஊறக் கூடாது. மாட்டுத் தொழுவத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசலுக்கும் இதே எச்சரிக்கை. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஹோஸை வெளிப்புறமும் கழுவிவிடுங்கள். நார்க் கிடங்குகளில் எலிக் கடி தனிப் பிரச்சினை. பல் தடம் கம்பி வரை போயிருக்கிறதா என்று விரலால் தொட்டே தெரிந்துகொள்ளலாம், அழுத்தம் இல்லாதபோது.

அறிகுறி: மடிந்து தட்டையான இடம்

டிப்பரின் பின்சக்கரம் ஏறிய ஹோஸ் இப்படி இருக்கும். சுற்றி வைத்ததை ஒரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாலும் கண்ணி விழுந்து மடியும். கம்பிப் பின்னல் ஒருமுறை மடிந்தால் மறுபடி வட்டமாகாது. கம்பி இழைகள் அறுந்திருக்கும். 1எஸ்என் மூன்று நூல் ஹோஸை 130 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது என்பது தர விதி. சுற்றி வைக்கும்போது வாளியின் வாயைவிடச் சிறிதாகச் சுற்ற வேண்டாம் என்று பையன்களுக்குச் சொல்லி வையுங்கள். தட்டையான இடத்தை வெட்டி எடுப்பதே சிகிச்சை.

அறிகுறி: ஹோஸ் வெளியே நன்றாக இருக்கிறது, அழுத்தம் மட்டும் இல்லை

இங்கே பொறுமை வேண்டும். ஹோஸை மாற்றிய பிறகு நாசில்தான் தேய்ந்திருந்தது என்று கண்டுபிடிப்பதில் காசும் நாளும் வீண்.

பம்பில் அழுத்தம் காட்டும் கேஜ் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கன்னைத் திறந்து அடிக்கும்போது கேஜைப் பாருங்கள். கேஜ் வழக்கமான அழுத்தத்தையோ அதற்கு மேலேயோ காட்டி, கன்னில் மட்டும் வீச்சு இல்லையென்றால் அடைப்பு கேஜுக்கு அப்பால் இருக்கிறது: ஹோஸ், கன் அல்லது நாசில். கேஜே குறைவாகக் காட்டினால் நாசில் துளை தேய்ந்து பெரிதாகியிருக்கலாம், தண்ணீர் வரத்துக் குறைந்திருக்கலாம், அன்லோடர் வால்வோ (கன்னை மூடியதும் தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வு) பம்பின் வால்வோ சீலோ கெட்டிருக்கலாம். அந்தப் பட்டியலில் ஹோஸுக்கு வேலை இல்லை.

அடைப்பு என்று தெரிந்தால் முதலில் நாசிலைக் கழற்றுங்கள். நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெள்ளைச் செதில்கள் அகப்பட்டால் அது உப்புப் படிவம், மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துவிடலாம். கறுப்புத் துணுக்குகள் அகப்பட்டால் அவற்றை உள்ளங்கையில் வைத்து நன்றாகப் பாருங்கள். வளைந்த, வளையத்தின் துண்டு போலிருந்தால் பம்பின் சீலோ ஓ-ரிங்கோ பிய்கிறது. தட்டையான மெல்லிய தகடு போலிருந்தால் ஹோஸின் உள்குழாய் உரிந்து வருகிறது. அப்படி உரிந்த தோல் உள்ளேயே கதவு போல் தொங்கி, தண்ணீர் வேகமாக வரும்போது வழியை அடைக்கும். ஒரு நேரம் வீச்சு வரும், ஒரு நேரம் வராது என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். ஹோஸை மாற்றுவதைத் தவிர வேறு மருந்து இல்லை. போர் தண்ணீரைச் சுட வைத்து அடிக்கும் இயந்திரத்தில் சாதாரண ஹோஸைப் போட்டால் இந்த உரிதல் சீக்கிரம் வரும். 1எஸ்என், 2எஸ்என் ஹோஸ்களுக்குத் தண்ணீரின் வெப்பம் 70 டிகிரி வரைதான். கன்னை மூடிவிட்டு இயந்திரத்தைச் சும்மா ஓட விடுவதும் பம்புக்குள்ளேயே சுற்றும் தண்ணீரைச் சூடாக்குகிறது. டீ குடிக்கப் போகிறவர் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போகட்டும்.

கேஜ் இல்லாதவர்கள் வாளியை வைத்துச் சோதிக்கலாம். நாசிலைக் கழற்றிவிட்டு கன்னை 20 லிட்டர் வாளிக்குள் பிடித்து, நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். இயந்திரத்தின் தகட்டில் நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று போட்டிருந்தால் வாளி ஏறக்குறைய 2 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். நேரம் கூடினால் ஹோஸைக் கழற்றிவிட்டு, பம்பின் வாயிலிருந்து நேராக வாளிக்குள் விட்டுப் பாருங்கள். பம்பில் சரியாக வந்து ஹோஸில் குறைந்தால் ஹோஸோ கன்னோ அடைத்திருக்கிறது. இரண்டிலும் குறைந்தால் தண்ணீர் வரத்தையும் வடிகட்டியையும் பாருங்கள்.

ஹோஸை நீட்டிய பிறகு வீச்சு குறைந்தது என்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கால் அங்குல ஹோஸில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால், 30 மீட்டர் நீளத்தில் 30 பார் அளவுக்கு வழியிலேயே கரைந்துவிடும். அதே நீளம் மூன்று நூல் ஹோஸில் 5 பார்கூடக் கரையாது. ஹோஸ் பழுதில்லை, ஒல்லியாக இருக்கிறது.

அறிகுறி: கன் மூடியிருக்கும்போதும் மோட்டார் விட்டுவிட்டு ஓடுகிறது

கன்னை மூடினால் தானே நிற்கும் இயந்திரங்களில் இது வரும். எங்கோ சொட்டுச் சொட்டாக அழுத்தம் இறங்குகிறது. கன்னின் மூக்கு சொட்டுகிறதா, இரண்டு முனைகளிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் உலர்ந்திருந்தால் பம்பின் உள் வால்வைத்தான் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

அறிகுறி: ஹோஸ் துள்ளுகிறது, உதறுகிறது

பெரும்பாலும் பம்ப் காற்றை இழுக்கிறது, அல்லது பம்பின் வால்வு ஒன்றில் மணல் மாட்டியிருக்கிறது. தொட்டியிலிருந்து வரும் உறிஞ்சும் குழாயின் கிளிப்புகளில் சோப்பு நுரையைப் பூசுங்கள். நுரை உள்ளே இழுக்கப்படும் இடத்தில் காற்று நுழைகிறது. அந்தக் குழாய் ஓடும்போது சப்பிப்போனால் அது மெலிந்துவிட்டது, அல்லது தொட்டியின் வடிகட்டி அடைத்திருக்கிறது. துள்ளலைச் சரிசெய்யாமல் விட்டால் ஹோஸ் தரையில் உரசியே தேயும்.

அறிகுறி: எத்தனை முறை மாற்றினாலும் கன் பக்கத்து முனையே போகிறது

ஹோஸ் ஃபெரூலை விட்டு வெளிவரும் இடத்திலேயே வளைந்து தொங்கினால் கம்பி அங்கே ஒவ்வொரு அசைவிலும் நெரிபடும். கன்னில் சுழலும் இணைப்பு, அதாவது ஸ்விவல், இருக்கிறதா, அது கையால் திருப்பினால் திரும்புகிறதா என்று பாருங்கள். இறுகிப்போன ஸ்விவல் ஹோஸை முறுக்கும்; முறுக்கிய ஹோஸ் முனையில்தான் அறும். ஸ்விவலை மாற்றி, ஃபெரூலை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் உறையோ சுருள் கம்பியோ போட்டுவிட்டால் அந்த முனை நீடிக்கும்.

வெட்டிப் பொருத்துவது

ஜேசிபிக்கு ஹோஸ் போட்டுத் தரும் ஹைட்ராலிக் கடை எதிலும் இந்த வேலை நடக்கும். பொள்ளாச்சி, கோயம்புத்தூர், கஞ்சிக்கோடு என உங்களுக்கு எது பக்கமோ அங்கே போகலாம். ஹோஸோடு கன்னையும், பம்பின் இணைப்பையோ அதன் அளவையோ கூடவே கொண்டுபோங்கள். முனையின் மரை எம்22-ஆ, 3/8 பிஎஸ்பி என்ற அங்குலக் குழாய் மரையா என்று அங்கே போய் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

கடையில் நான்கு விஷயங்களைக் கண்ணால் பாருங்கள். வெட்டு நேராக இருக்க வேண்டும். ஹேக்ஸா பிளேடால் சாய்வாக அறுத்தால் கம்பி நுனிகள் பிரிந்து நிற்கும். வெட்டிய வாயில் கம்பி துருவில்லாமல் பளபளக்க வேண்டும். சிவப்பாக இருந்தால் இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளி வெட்டச் சொல்லுங்கள், அதற்குக் கூச்சப்பட வேண்டாம். ரப்பர்த் தூளும் கம்பித் தூளும் உள்ளே தங்காமல் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஃபெரூல் உங்கள் ஹோஸின் வகைக்கு உரியதாக, 1எஸ்என் ஹோஸுக்கு 1எஸ்என் ஃபெரூலாக, இருக்க வேண்டும். கிரிம்பிங் முடிந்ததும் ஃபெரூலின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, அட்டவணையோடு ஒப்பிடுகிற கடைக்காரரைக் கைவிடாதீர்கள். அளக்காமல் கண் மதிப்பில் நசுக்குகிற கடையில் விலை குறைவாக இருந்தாலும் நான் போவதில்லை.

நடு ஹோஸை வெட்டினால் இரண்டு முனைகளும் ஓர் இணைப்பும் சேர்ந்து செலவு கூடும். முனையை ஒட்டிய பழுது என்றால் ஒரு முனை போதும், ஹோஸ் கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான். ஒரே ஹோஸில் நடு இணைப்பு இரண்டுக்கு மேல் போனால் நான் மாற்றச் சொல்லிவிடுவேன். ஒவ்வோர் இணைப்பும் தரையில் இழுபடும், மேடை விளிம்பில் மாட்டும், வண்டியின் பெயிண்டைக் கீறும்.

போட்டு முடித்ததும் ஃபெரூலின் விளிம்பில், பாதி உலோகத்தின் மேலும் பாதி ரப்பரின் மேலும் படும்படி வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஹோஸை நேராகப் போட்டு, புது முனையின் மேல் நனைந்த சாக்குகளை மடித்து வைத்து, நாசில் இல்லாமல் முதலில் தண்ணீரை ஓட விட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு நாசிலை மாட்டி, அழுத்தத்தைக் குறைத்து வைத்துச் சில நிமிடம், அதன் பிறகு முழு அழுத்தத்தில் சில நிமிடம் ஓட்டுங்கள். யாரும் அந்த முனைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, கோட்டைப் பாருங்கள். மறுநாள் வேலை முடிந்ததும் ஒருமுறை, வாரக் கடைசியில் ஒருமுறை பாருங்கள். உலோகத்தின் மேல் உள்ள பாதியும் ரப்பரின் மேல் உள்ள பாதியும் நூலளவு விலகியிருந்தாலும் ஹோஸ் நழுவுகிறது. அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அந்த முனையை வெட்டி மறுபடி போட்டுத் தரச் சொல்லுங்கள்.